அத்தியாயம் 7: தானே அவிழும் மூட்டை

சாலவாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் ஒருநாள் மாலை போன் செய்தாள். "அண்ணா, காலையில இருந்து அடிச்ச பதினாறு மனுவும் காணோம்ணா." முதல் நாள்தான் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் அவளிடம் ஒரு பென்டிரைவைக் கொடுத்திருந்தேன். அதில் இருந்தது ஒரே ஒரு ஜிப் கோப்பு. மனு மாதிரிகள், மருதம் எழுத்துரு, ஒரு சின்ன அச்சு நிரல் எல்லாம் அதற்குள்.

"எங்கம்மா சேவ் பண்ணே?"

"அந்த மஞ்சக் கலர் ஃபோல்டர்லயேதாண்ணா. மேல ஜிப் போட்டிருக்குமே, அது."

கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ஜிப்பை அவிழ்க்காமல், அதற்குள்ளேயே நுழைந்து மாதிரியைத் திறந்திருக்கிறாள். அப்படித் திறந்தால் விண்டோஸ் அந்தக் கோப்பின் நகலை ஒரு தற்காலிக இடத்தில் போட்டுத்தான் காட்டும். அவள் செய்த சேவ் எல்லாம் அங்கே போய் விழுந்தன, ஜிப்புக்குள் ஒன்றும் திரும்பவில்லை. மறுநாள் போய் அந்தக் கணினியின் டெம்ப் கோப்புறையைக் கிளறிப் பதினொன்றை மீட்டேன். ஐந்து போனது போனதுதான்.

தப்பு என்னுடையது. "வலது சொடுக்கு, எக்ஸ்ட்ராக்ட் ஆல்" என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது சொல்லிக் கொடுக்கவே தேவையில்லாதபடி மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது. இரண்டு முறை சொடுக்கினால், தானே அவிழ்ந்து, சரியான இடத்தில் கோப்புகளை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஒரே கோப்பு. இதைத் தானவிழ் பொதி என்று இந்த நூலில் அழைக்கிறேன்.

நிரல் எழுதுவோர் கவனத்துக்கு: கட்டளைகளைத் தமிழ் உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டச்சும்போது, பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர, எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் வேலைக்கு இந்த விஷயம் ஒத்துவராது.

முதலில்: எப்போது வேண்டாம்?

- வாங்குபவர் கைப்பேசியில் திறக்கப் போகிறார் என்றால் வேண்டாம். விண்டோஸ் பொதி ஆண்ட்ராய்டில் அவிழாது.
- மின்னஞ்சலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். இஎக்ஸ்இ கோப்பை ஜிமெயில் ஏற்காது. அதையே ஜிப்புக்குள் ஒளித்து அனுப்பினாலும் கண்டுபிடித்து நிறுத்திவிடும்.
- உள்ளே இருப்பது எல்லாம் கல்யாணப் போட்டோ என்றால் அளவு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் விட்டால் சாறு வராது.
- வாங்குபவர் உங்களை அறியாதவர் என்றால், யோசித்துச் செய்யுங்கள். முன்பின் தெரியாதவர் தந்த நிரலை ஓட்டக் கூடாது என்றுதான் நாமே எல்லோருக்கும் சொல்கிறோம்.

தெரிந்த பத்துப் பதினைந்து கடைகள், பள்ளிக் கணினி அறை, சங்க அலுவலகம் போன்ற இடங்களுக்குப் பென்டிரைவில் கொண்டுபோய்த் தருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

தலையும் வாலும்: இவ்வளவு தெரிந்தால் போதும்

தானவிழ் பொதி என்பது ஒட்டுப்போட்ட கோப்பு. முன்னால் ஒரு சின்ன அவிழ்ப்பு நிரல், அது தலை. பின்னால் சுருக்கப்பட்ட கோப்புகள், அது உடல். நடுவில் சில சமயம் ஓர் அடையாள வரியோ குறிப்போ இருக்கும்.

இரண்டையும் ஒட்டினால் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சூட்சுமம். விண்டோஸ் ஒரு நிரலைத் தலையிலிருந்து படிக்கிறது. தனக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்று தலைப்பகுதியிலேயே எழுதியிருப்பதால், அதற்குப் பின்னால் தொங்குவதைக் கண்டுகொள்வதில்லை. ஜிப் வடிவமோ நேர் எதிர். ஃபில் கேட்ஸ் 1989-இல் வெளியிட்ட அந்த வடிவத்தில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் வாலில் இருக்கிறது. படிக்கும் நிரல் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி, குறைந்தது 22 பைட் நீளமுள்ள முடிவுக் குறிப்பைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே போகிறது. ஒன்று தலையைப் பார்க்கிறது, இன்னொன்று வாலைப் பார்க்கிறது, ஒரே கோப்பில் இரண்டும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

கட்டோடு அதைப் பற்றிய குறிப்பையும் சேர்த்துக் கட்டுவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவற்றை, ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையில், 30 குடும்புகளிலும் (ஊர்ப் பகுதிகளிலும்) தகுதியுள்ளோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் இது எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையைப் பூட்டித்தான் குடத்தில் போட்டார்கள். கட்டு எது என்று கட்டே சொல்ல வேண்டும் என்ற யோசனை அப்போதே இருந்தது.

தேவையானவை

விண்டோஸ் பொதிக்கு: 7-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். லினக்ஸ் பொதிக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பைத்தான் வழிக்குப் பைத்தான் 3.7 அல்லது அதற்குப் பிந்தையது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பழைய கணினி, நீங்கள் நிரல் எழுதும் கணினியாக அது இருக்கக் கூடாது. ஏன் என்று சோதனைப் பகுதியில் தெரியும்.

வழி 1: விண்டோஸில், பெரும்பாலும் சொடுக்கலிலேயே

1. அனுப்ப வேண்டியவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். "முதலில் படிக்க" என்று ஓர் உரைக்கோப்பும் அதில் இருக்கட்டும்.
2. கோப்புறை மேல் வலது சொடுக்கி, 7-ஜிப் பட்டியலில் ஆட் டு ஆர்கைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. வடிவம் 7இசட் என்று இருக்கட்டும். கிரியேட் எஸ்எஃப்எக்ஸ் ஆர்கைவ் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கோப்பின் பெயர் இஎக்ஸ்இ என்று மாறும்.
4. சரி என்று கொடுங்கள். முடிந்தது.

வாங்குபவர் இதைச் சொடுக்கினால் எங்கே அவிழ்க்க வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்கும், அவிழ்க்கும். பாதிப் பேருக்கு இதுவே போதும். சாலவாக்கத்துக்கு அந்த ஜிப்புக்கு அடுத்து நான் அனுப்பியதும் இதுதான்.

அந்தக் கேள்வியும் வேண்டாம், அவிழ்ந்தவுடன் ஒரு வேலை நடக்க வேண்டும் என்றால் மூன்று துண்டுகளை நாமே ஒட்ட வேண்டும்:

1. எல்இசட்எம்ஏ எஸ்டிகே என்ற தொகுப்பை 7-ஜிப் தளத்திலிருந்து இறக்குங்கள். நிறுவிகளுக்கான எஸ்எஃப்எக்ஸ் தலை அதில் இருக்கிறது.
2. ஒரு குறிப்புக் கோப்பு எழுதுங்கள். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் 7-ஜிப் உதவிப் பக்கத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். இடையில் தலைப்பு, "நிறுவலாமா?" என்ற கேள்வி, அவிழ்ந்தபின் ஓட வேண்டிய நிரலின் பெயர் என்று மூன்று வரி. யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம்.
3. கட்டளைத் திரையில் காப்பி கட்டளையை /பி சேர்த்து எழுதி, தலை + குறிப்பு + உடல் என்ற வரிசையில் ஒட்டுங்கள்.

கவனம்: அந்த /பி-யை விட்டுவிட்டால் காப்பி கட்டளை துண்டுகளை வெறும் உரை என்று நினைத்து ஒட்டும். இடையில் 26 என்ற மதிப்புள்ள பைட் ஒன்று வந்தால் அந்தத் துண்டு முடிந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. 40 எம்பி கோப்பு சில கேபியாக வந்து நிற்கும். ஆகவே ஒட்டியவுடன் மூன்று துண்டுகளின் அளவையும் கூட்டிப் பாருங்கள். ஒரு பைட் கூடப் பிசகக் கூடாது.

கவனம்: இந்த வகைத் தலை, உடலைத் தற்காலிக இடத்தில் அவிழ்த்து, சொன்ன நிரலை ஓட்டி, அது முடிந்ததும் தற்காலிக இடத்தைத் துடைத்துவிடும். அதாவது சாலவாக்கம் கதை மறுபடி நடக்க வழி இருக்கிறது. நீங்கள் ஓட்டும் நிரல், கோப்புகளை நிலையான கோப்புறை ஒன்றுக்கு நகலெடுத்து, அது முடிந்த பிறகே வெளியேற வேண்டும்.

வழி 2: லினக்ஸில், நாமே எழுதும் தலை

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழி வந்த இயங்குதளம். வாங்கியவர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை என்பது வேறு கதை. பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுக்க லினக்ஸ் போடும் பழக்கம் இப்போது கிராமத்துக் கடைகளிலும் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழியும் இதுதான், காரணம் தலை முழுவதும் நாம் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கிறது. வாங்குபவரும் விரும்பினால் திறந்து படித்துவிட்டு ஓட்டலாம்.

வரிசையை மாற்றாதீர்கள்: உடல், கைரேகை, தலை, ஒட்டு. தலையை முதலில் எழுதுபவர்கள்தான் அதிகம், மாட்டிக்கொள்பவர்களும் அவர்களே.

1. உடலைக் கட்டுங்கள். டார் கட்டளை, சிஇசட்எஃப் தெரிவுகள். பெரிய எழுத்து சி தெரிவில் கோப்புறையின் பெயரைத் தந்து, கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். "அந்தக் கோப்புறைக்குள் போய், அங்கே இருப்பதைக் கட்டு" என்று இதற்குப் பொருள். முழுப் பாதையையும் எழுதினால் அவிழ்க்கும் கணினியில் ஹோம், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப் என்று வெங்காயம் போல உரியும்.

2. கைரேகை எடுங்கள். எஸ்எச்ஏ256சம் கட்டளையை உடல் மேல் ஓட்டினால் 64 எழுத்து வரும். குறித்துக்கொள்ளுங்கள். உடலில் ஒரு பைட் மாறினாலும் இது அடியோடு மாறிவிடும்.

3. தலையை எழுதுங்கள். சாதாரண உரைக்கோப்பு. வரிகள் இந்த முறையில்:

 அ. முதல் வரி, இதை எஸ்எச் ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! வரி.

 ஆ. செட் -இ. எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும்.

 இ. எடுத்த கைரேகையை ஒரு மாறியில் வையுங்கள்.

 ஈ. அடையாள வரி எத்தனையாவது வரி என்று ஆக் கட்டளையால் "$0" கோப்பில் தேடுங்கள். $0 என்பது ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பொதியின் பெயர். மேற்கோள் குறி கட்டாயம். கண்டுபிடித்த எண்ணோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள், உடல் அடுத்த வரியில்தான் தொடங்குகிறது.

 உ. எம்கேடெம்ப் -டி கட்டளையால் ஒரு புதிய காலிக் கோப்புறை உருவாக்குங்கள். பொது டிஎம்பி-யில் வேண்டாம், கோப்புகள் கடைசியில் தங்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே உருவாக்குங்கள்.

 ஊ. டெயில் -என் +எண் கட்டளையால் உடலை மட்டும் வெட்டி, அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பாகச் சேமியுங்கள்.

 எ. வெட்டிய உடலின் கைரேகையை எடுத்து, மாறியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் "கோப்பு பழுது. மறுபடி நகலெடுக்கவும்" என்று தமிழில் சொல்லி, தற்காலிகக் கோப்புறையை அழித்துவிட்டு எக்ஸிட் 1.

 ஏ. பொருந்தினால் டார் கொண்டு அவிழ்த்து, சேருமிடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு எம்வி கட்டளையால் நகர்த்துங்கள்.

 ஐ. எக்ஸிட் 0.

 ஒ. கடைசி வரி, அடையாள வரி. உள்ளே வேறெங்கும் வராத சொல்லாக இருக்கட்டும். வரி முடிவில் ஒரு என்டர்.

4. ஒட்டுங்கள். கேட் கட்டளை, முதலில் தலை, பிறகு உடல், வெளியீடு புதிய கோப்புக்கு.

5. சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

இதில் வழுக்கும் இடங்கள், நான் வழுக்கிய வரிசையிலேயே:

*எக்ஸிட் மறந்தால்.* ஷெல் வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும். எக்ஸிட்டோடு செட் -இ-யும் இல்லாவிட்டால் அடையாள வரியைத் தாண்டி, சுருக்கிய பைட்டுகளையும் கட்டளைகள் என்று நினைத்து ஓட்டப் பார்க்கும். திரை முழுக்கக் குப்பை. பெரும்பாலும் "கட்டளை இல்லை" என்ற செய்திகளோடு போய்விடும், ஆனாலும் அந்தச் சூதாட்டம் நமக்கு எதற்கு?

*தேடும் வரியே அகப்பட்டால்.* அடையாளச் சொல் தேடும் வரியிலும் இருக்கிறது அல்லவா? "இந்தச் சொல் உள்ள வரி" என்று தேடினால் தேடும் வரியே முதலில் கிடைக்கும். "இந்தச் சொல் மட்டுமே உள்ள வரி" என்று தேடுங்கள்.

*1 கூட்ட மறந்தால்.* கைரேகை பொருந்தாமல் "கோப்பு பழுது" என்று வரும். நல்ல ஜிஜிப் உடல் 1எஃப், 8பி என்ற இரு பைட்டுகளில்தான் தொடங்கும். வெட்டிய உடலின் முதல் இரு பைட்டுகளைப் பார்த்தாலே எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

*டெயிலில் -என் விட்டால்.* பழைய எடுத்துக்காட்டுகளில் டெயில் +20 என்றே இருக்கும். சில லினக்ஸ் பதிப்புகளில் அது +20 என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு போகும்.

*விண்டோஸ் நோட்பேடில் எழுதினால்.* வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எழுத்து ஒன்று ஒட்டிக்கொள்ளும். #! வரியிலேயே கோளாறு வரும். ஒட்டிய பிறகு முழுப் பொதியை எந்தத் திருத்தியிலும் திறந்து சேமிக்காதீர்கள், உடல் நாசமாகும். திருத்தம் வேண்டுமானால் தலையைத் திருத்தி மறுபடி ஒட்டுங்கள், ஐந்து வினாடி வேலை.

*குழாய் பிழையை விழுங்கினால்.* டெயிலையும் டாரையும் குழாய்க் குறியால் இணைத்து ஒரே வரியில் எழுதுவது அழகாக இருக்கும். ஆனால் செட் -இ குழாயின் கடைசிக் கட்டளையை மட்டுமே பார்க்கிறது. முன்னால் உள்ளது தோற்றால் தெரியாது. கோப்பாகச் சேமித்து, சரிபார்த்து, பிறகு அவிழ்ப்பது அதனால்தான்.

தற்காலிகக் கோப்புறையைப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் ஊர் நம் ஊர், யூபிஎஸ் இல்லாத கடைகளே அதிகம். நேராகச் சேருமிடத்தில் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்புகள் வந்து, முழுதும் வந்ததுபோல உட்கார்ந்திருக்கும். ஒரே வட்டுப் பகுதிக்குள் எம்வி என்பது வெறும் பெயர் மாற்றம். நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. வேறு வட்டுப் பகுதியிலிருந்து நகர்த்தினால் அது நகலெடுப்பாகிவிடும், இந்த வசதி போய்விடும்.

இவ்வளவும் கையால் எழுதச் சலிப்பவர்களுக்கு மேக்செல்ஃப் என்ற இலவசக் கருவி இதே வேலையைச் செய்து தரும். முதல் இரண்டு முறையாவது கையால் எழுதிவிட்டு அதற்குப் போங்கள்.

வழி 3: பைத்தானில்

பைத்தான் 2.6 முதல், ஒரு ஜிப் கோப்பையே நேராக ஓட்ட முடியும், உள்ளே மெயின் கோப்பு இருந்தால் போதும். 3.5-இல் இதற்கென்றே ஜிப்ஆப் என்ற கருவி வந்தது. வாங்குபவர் கணினியிலும் பைத்தான் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. பள்ளிக் கணினி அறைகளுக்குப் பொருந்தும், ஜெராக்ஸ் கடைகளுக்குப் பொருந்தாது.

1. ஒரு கோப்புறையில் மெயின் நிரல் வையுங்கள். பெயரின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு. ஒவ்வொன்றாக வைத்தால் ஓடாது.
2. அனுப்பும் கோப்புகளை அதற்குள் தரவு என்ற துணைக் கோப்புறையில் வையுங்கள், பெயர் ஆங்கிலத்தில்.
3. மெயின் நிரலில் சிஸ்.ஆர்க்வி-யின் 0-ஆம் உறுப்பை ஜிப்ஃபைல் கொண்டு திறங்கள். அதுதான் பொதியின் சொந்தப் பாதை.
4. உள்ளே உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தரவுக் கோப்புறையில் தொடங்குபவற்றை மட்டும் அவிழுங்கள்.
5. பைத்தான் -எம் ஜிப்ஆப் கட்டளையில் கோப்புறையையும் வெளியீட்டுப் பெயரையும் தாருங்கள். -சி தெரிவைச் சேருங்கள். அதைச் சேர்க்காவிட்டால் கட்டும், ஆனால் சுருக்காது. "அளவு குறையவே இல்லையே" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் விட்டது இதைத்தான்.

நான்காவது படியில் ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கிறது. பொதிக்குள் உள்ள ஒரு பெயர் இரு புள்ளி, சாய்கோடு என்று தொடங்கினால் அது சேருமிடத்தை விட்டு மேலே ஏறி வேறெங்கோ போய் எழுதும். 2018-இல் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில் பல மென்பொருள்களில் இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பைத்தானின் ஜிப்ஃபைல் தன் எக்ஸ்ட்ராக்ட் கட்டளையில் இப்படிப்பட்ட பெயர்களைத் தானே சுத்தம் செய்துவிடும். டார்ஃபைல் நெடுங்காலம் செய்யவில்லை. 3.12-இல் வந்த தரவு வடிகட்டியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், 3.14-இல்தான் அது இயல்பானது. எழுதும் பாதையை நீங்களே கணக்கிட்டு எழுதினால், அது சேருமிடத்துக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று ஒவ்வொரு கோப்புக்கும் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்கள் தரும் தலைவலி

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது.

யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "விண்ணப்பம்" நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறி, 30 பைட். லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. "முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், திருத்தியது, புதிய மாதிரி" என்று ஆசையாகப் பெயர் வைத்துக்கொண்டே போனால் சீக்கிரம் முட்டும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. "கோ" என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கோப்பு அமைப்புக்கு வேறு வேறு பெயர். "கோப்பு இல்லை" என்று நிரல் சொல்லும், கோப்போ கண்ணெதிரே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் இதில் போனது எனக்கு.

வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அதே விசைப்பலகையில் கோப்புக்குப் பெயர் வைத்தால், பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். அதைப் பொதிக்குள் போடும் முன் மாற்றிவிடுங்கள்.

என் வழக்கம்: பொதிக்குள் உள்ள பெயர்கள் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் மட்டும். தமிழ்ப் பெயர் ஆவணத்தின் தலைப்பிலும், "முதலில் படிக்க" கோப்பின் பட்டியலிலும் இருக்கும். தமிழ்ப் பற்றுக்கு இதில் குறைவில்லை, வேலை நடக்க வேண்டும்.

பாதுகாப்பு: விரித்த கையில் வாங்குங்கள்

தலைக்குள் வைத்த கைரேகை, பழுதைக் கண்டுபிடிக்கும். திருட்டைக் கண்டுபிடிக்காது. உடலை மாற்றத் தெரிந்தவன் தலையில் உள்ள கைரேகையையும் மாற்றிவிடுவான். அதனால் முழுப் பொதியின் கைரேகையைத் தனியாக எடுத்து, வேறு வழியில் அனுப்புங்கள். பொதி பென்டிரைவில் போனால் கைரேகை போனில் போகட்டும். 64 எழுத்தையும் ஒப்பிடுவதே முறை, அதற்குக் குறுஞ்செய்தி உதவும். வாயால் சொல்வதானால் முதல் எட்டும் கடைசி எட்டுமாவது சொல்லுங்கள்.

குடவோலை முறையில் இந்த எச்சரிக்கை எல்லாம் உண்டு. குடத்தை எல்லோரும் காணத் தூக்கி நிற்பார் மூத்த நம்பி (கோயில் பூசகர்). உள்ளே என்ன என்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுப்பார்கள். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்க வழியே இல்லை. அவர் படித்ததை அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் மறுபடி படிக்க வேண்டும். நேராக அவிழ்க்காமல் இடையில் ஒரு காலிக் கோப்புறை வைப்பதை யாராவது அதிகப்படி என்றால், இந்த இரண்டாவது குடத்தைக் காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- விண்டோஸில் முதல் முறை ஓட்டும்போது "அறியப்படாத வெளியீட்டாளர்" என்ற எச்சரிக்கை வரலாம். கையொப்பமிடாத நிரலுக்கு அது வருவது முறைதான். எச்சரிக்கை வரும் என்று முன்பே சொல்லிவையுங்கள், அதோடு கைரேகையையும் பார்க்கச் சொல்லுங்கள்.
- வைரஸ் தடுப்பு மென்பொருள் பொதியைப் பிடித்தால், "அதை ஆஃப் பண்ணிடும்மா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிட்டால், நாளை யார் சொன்னாலும் செய்வார்கள். அந்த இடத்துக்குச் சாதாரண ஜிப்பே அனுப்புங்கள்.
- டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து பொதியை ஓட்ட வேண்டாம். பக்கத்தில் கிடக்கும் தெரியாத டிஎல்எல் கோப்பைச் சில அவிழ்ப்பு நிரல்கள் தம்முடையது என்று நினைத்து ஏற்றிக்கொள்ளும். புதிய கோப்புறைக்கு நகர்த்தி ஓட்டச் சொல்லுங்கள்.
- எழுத்துருவைப் பொதி தானாக நிறுவ வேண்டாம். கோப்பை வைத்துவிட்டு, எப்படி நிறுவுவது என்று எழுதுங்கள். அடுத்தவர் கணினியில் கேட்காமல் செய்யும் வேலை குறையக் குறைய நல்லது.
- லினக்ஸில் ரூட்டாக ஓட்டக் கூடாது. தலையின் தொடக்கத்திலேயே பார்த்து, ரூட் என்றால் மறுத்து வெளியேறுங்கள்.
- பல கணினி சுற்றிய பென்டிரைவில் பொதியை எடுத்துப் போகாதீர்கள். இதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்து, திரும்பி வந்ததும் அழித்து எழுதுங்கள்.

சோதனை

உங்கள் கணினியில் ஓடியது சோதனை ஆகாது. வேண்டிய எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பழைய கணினியில்:

1. புதிய பயனர் கணக்கு திறந்து, அதில் ஓட்டுங்கள்.
2. பெயரில் இடைவெளி உள்ள கோப்புறையில் வைத்து ஓட்டுங்கள். மேற்கோள் குறி மறந்திருந்தால் இங்கே தெரியும்.
3. இணையத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.
4. இரண்டாம் முறை ஓட்டுங்கள். முதல் முறை வைத்த கோப்புகளில் அவர்கள் திருத்தியிருப்பதை அது அழிக்கிறதா? அழித்தால் பொதி தயாராகவில்லை.
5. பொதியின் கடைசி ஒரு எம்பியை வெட்டிவிட்டு ஓட்டுங்கள். பாதி நகலெடுத்த பென்டிரைவைப் பிடுங்குவது நம் ஊரில் தினம் நடப்பது. "கோப்பு பழுது" என்று தமிழில் சொல்ல வேண்டும்.
6. பென்டிரைவிலிருந்தே லினக்ஸில் ஓட்டுங்கள். சிஎச்மாட் கொடுத்த அனுமதி ஃபேட் வடிவப் பென்டிரைவில் தங்காது. ஓடாவிட்டால் எஸ்எச் என்று எழுதிப் பக்கத்தில் பொதியின் பெயரைக் கொடுத்தால் ஓடும். இந்த வரியை "முதலில் படிக்க" கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் நகல் ஒன்றைப் பொதிக்கு வெளியே பென்டிரைவிலேயே வையுங்கள். உள்ளே மட்டும் இருந்தால், பெட்டிக்குள் பூட்டிய சாவி.

அனுப்பிய பிறகு

பொதியின் பெயரில் தேதி இருக்கட்டும். "புதுசு", "ரொம்பப் புதுசு", "கடைசி" என்றெல்லாம் வேண்டாம். யாருக்கு எந்தத் தேதிப் பொதி போனது, அதன் கைரேகை என்ன என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். போன் வந்தால் முதல் கேள்வி, "பேர்ல என்ன தேதி போட்டிருக்கும்மா?"

பொதி வைத்த கோப்புகளை எடுக்கவும் ஒரு வழி சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்திருந்தால் அதை அழித்தாலே போதும். வேறு எங்கும் எதையும் சிதறவிடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே கோப்புறையில் அவர்கள் தங்கள் மனுக்களையும் சேமித்திருப்பார்கள். அதனால் மாதிரிகளுக்கு ஒன்று, அவர்கள் வேலைக்கு ஒன்று என்று இரண்டு கோப்புறைகளைப் பொதியே உருவாக்கட்டும், இரண்டாவதன் குறுக்குவழியை டெஸ்க்டாப்பில் வைக்கட்டும். சாலவாக்கம் கடையில் அந்தக் குறுக்குவழிக்கு "இங்க சேவ் பண்ணு" என்றே பெயர் வைத்திருக்கிறேன்.